ஜன்னலோரத்து ஓதம்

என் வண்டவாளத்தை நானே தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தண்டவாளத்துக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. மொத்தம் பதினேழு மீட்டர் இருக்கிறது. இரண்டு வளைவு, ஒரு சுரங்கம், ஒரு கூட்ஸ் ஷெட் உட்பட.

நான் மாதிரி ரயில் விடுகிறவன். மாதிரி ரயில் விடுகிறவனை உலகம் ஒரு மாதிரிதான் பார்க்கும். அது எனக்குப் பழகிவிட்டது. 'இந்த வயசில் பொம்மையா?' என்று கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

உண்மையைச் சொன்னால் ரயில்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் கிடையாது. அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வரும். என் உயிரெல்லாம் ரயிலைச் சுற்றி இருக்கும் ஊரில். அதிலும் குறிப்பாக, புதுக் கட்டடங்களைப் பழசாக்குவதில். அட்டையை வெட்டி ஸ்டேஷன் ஒட்டுவேன். பசை காய்ந்த மறுநாளே அதற்கு நாற்பது வயது ஆக்கிவிடுவேன். கூரைக்குக் கீழே மழை வழிந்த கறைக்கு டீத்தண்ணீர். ஜன்னல் கம்பித் துருவுக்கு ஆரஞ்சு சாக்பீஸ் தூள். பெயின்ட் உரிந்தது போல வரவேண்டுமா? முதலில் உப்பைத் தூவி, மேலே பெயின்ட் அடித்து, காய்ந்தபின் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். உப்பு உதிர்ந்த இடத்தில் அடி நிறம் எட்டிப் பார்க்கும். இன்ஜின் புகைக்கு என் மனைவியின் கண்மை. ரோட்டுப் புழுதிக்கு அவளுடைய முகப்பவுடர். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினால் வேலியோரத்துப் புதர்.

"உங்க ஊரு அழுக்கா இருக்கறதுக்கு நான் பவுடர் இல்லாம போகணுமா?" என்பாள் மனைவி.

"நீ பவுடர் இல்லாமலே அழகுதானேம்மா."

"அப்போ ஊரையும் பவுடர் இல்லாம விடுங்களேன்!"

இப்படி எனக்குப் பதில் தெரியாத கேள்விகளாகக் கேட்பது அவள் வழக்கம்.

அவள் தையல்காரி. நல்ல தையல்காரி. ஆனால் அவளுக்கென்று வீட்டில் ஓர் இடம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை நகர்த்திவிட்டுத் துணி வெட்டுவாள். சாப்பாட்டு நேரம் வந்தால் துணியை நகர்த்திவிட்டுத் தட்டு வைப்பாள். பதினொரு வருஷமாக இதே கதை. மேஜைக்கு மேலே ஒரு டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் கறுப்புப் பாவாடை ஒன்றுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்துவிட்டு, மறுநாள் வாசலில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தாள். பேசாமல் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தாள். நான் அப்போது பக்கத்து அறையில், நல்ல ஜன்னல் வெளிச்சத்தில், கூட்ஸ் ஷெட்டுக்குத் துரு பிடிக்கவைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் வரப்போவது இதைவிடக் கேவலம்.

ஒருநாள் அவள் கேட்டாள்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளேன்."

"உங்க ரூம்ல அந்த ஜன்னல் ஓரம்... ஒரு மெஷின் போடற இடம் மட்டும் குடுங்களேன்."

"எந்த ஜன்னல்?"

"நம்ம வீட்ல எத்தனை ஜன்னல்ல வெளிச்சம் வருது?"

"அங்க மலை இருக்கே."

"மலையைக் கொஞ்சம் நகர்த்தக் கூடாதா?"

"மலையை யாராவது நகர்த்துவாங்களா?"

"நீங்கதானே போன மாசம் கிழக்கேர்ந்து மேற்கே நகர்த்தினீங்க!"

'சரி' என்பதற்கு இரண்டே எழுத்து. எனக்கு வாயில் வரவில்லை. "பார்க்கலாம்" என்றேன். அவள் அதையே பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்துபோனாள். சனிக்கிழமை காலை அறைக்குள் வந்து, மலைக்கும் சுவருக்கும் நடுவே டேப் வைத்து அளந்தாள். சாப்பிட்டதும், சத்தமில்லாத மோட்டார் மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிக் கடைக்குக் கிளம்பினாள். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நான் யோசனையில் இறங்கினேன்.

இடம் தர முடியாது என்று சொன்னால் சண்டை வரும். அந்த இடம் அவளுக்கே வேண்டாம் என்று தோன்றிவிட்டால்? துணிக்கு ஜென்ம விரோதி எது? ஓதம்! ஈரச் சுவர் ஓரம் எந்தத் தையல்காரியாவது துணி வைப்பாளா?

ஓதம் விஷயத்தில் நான் சாதாரண ஆள் கிடையாது. என் உத்தியோகமே அதுதான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சேத மதிப்பீட்டாளர். வீட்டுச் சுவர் நனைந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் போட்டோக்களைப் பார்த்து, எது மெய் ஓதம், எது பொய் ஓதம் என்று சொல்வது என் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னை ஏமாற்றியதில்லை.

ஆகவே கெட்டியாக டீ போட்டேன். குடிக்க ஒரு கப், சுவருக்கு ஒரு குடம்.

முதலில் ஒரு தப்பு செய்துவிட்டேன். என் கைக்குப் பழகியதெல்லாம் மாதிரி ரயில் கணக்கு, நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுணுக்கி நுணுக்கி ஓர் ஓதம் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் உள்ளங்கை அளவு இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மைக்கு அது வெள்ளக்காடு. என் மனைவிக்கு அது கொசு அடித்த இடம்.

அப்புறம் மனசைத் தேற்றிக்கொண்டு மோட்டா பிரஷ்ஷை எடுத்தேன். தரையிலிருந்து மார்பு உயரம் வரை டீத்தண்ணீரைப் பரப்பினேன். ஓரங்களில் கொஞ்சம் கெட்டி டிக்காஷன், ஏனென்றால் மெய் ஓதத்துக்கு விளிம்பு கறுத்திருக்கும். நடுவில் கண்மையைத் தொட்டுப் பூஞ்சைப் புள்ளிகள். மேலே பவுடரை ஊதிச் சாம்பல் பூத்ததுபோல ஒரு படலம். கடைசியாக, சுவரில் உப்பு பூக்கவேண்டுமே! சமையலறை உப்பைப் பசைத் தண்ணீரில் கலந்து அங்கங்கே ஒற்றினேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே மூக்கில் ஈரவாடை அடித்தது. இப்படி ஒரு போட்டோ வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே அந்த அறைக்குத்தான் போனாள்.

"என்னங்க இது?"

"எது?"

"சுவருங்க!"

"ஓ, அதுவா... ஓதம்."

"காலைல நான் அளந்தப்ப இல்லையே!"

"ஓதம் அப்படித்தாம்மா. உள்ளுக்குள்ளயே இருந்துட்டுத் திடீர்னு வெளிய வரும். நான் ஆபீஸ்ல பார்க்காததா?"

"துணி வைக்கலாமா?"

"தாராளமா வை. ஒரே வாரத்துல பூஞ்சை பிடிக்கும். அப்புறம் ஊரார் துணிக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும்."

சரமாரியாக எதிர்க்கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் இருந்த டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"மெஷின் நல்லா இருந்துதுங்க. சத்தமே இல்ல. திங்கட்கிழமை அனுப்பச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "பரவாயில்ல. வேண்டாம்னு சொல்லிடறேன்."

அந்த நிமிஷமே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நாக்கு நுனியில் வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "பாவம், நல்ல மெஷின்" என்று வேறு சொன்னேன். நான் எவ்வளவு மட்டமானவன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பல்கூட விளக்கவில்லை. மனைவி அந்த அறையிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, துணிக்கே பூஞ்சை பிடிக்கும்னா உங்க ஊர் கதி என்னங்க ஆகும்?"

"என் ஊருக்கென்ன?"

"எல்லாம் அட்டைதானே? ஸ்டேஷன் அட்டை, ஷெட் அட்டை, மலை காகிதக்கூழ். ஊறிப்போயிடாதா?"

இதை நான் யோசிக்கவில்லை.

"இல்ல... அவ்வளவு ஈரம் இருக்காது..."

"நீங்கதானே நேத்து சொன்னீங்க, ஒரே வாரத்துல பூஞ்சை பிடிக்கும்னு? உங்களுக்குத் தெரியாத ஓதமா? எழுந்திருங்க. எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிடலாம். உங்க ஊர் நாசமாப் போறதை என்னால பார்த்துட்டிருக்க முடியாதுங்க."

என்ன சொல்லித் தடுப்பது? ஓதம் கொஞ்சம்தான் என்றால் அவள் மெஷின் போடலாம். நிறைய என்றால் என் ரயில் போகவேண்டும். நானே வெட்டிய சுரங்கத்தில் நானே மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கட்டடமாகப் பெயர்த்துத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிப்போனேன். ஸ்டேஷன் ஃபிரிட்ஜின் தலையில் ஏறியது. கூட்ஸ் ஷெட் செருப்பு அலமாரிக்குப் போனது. மலைக்கு வாஷிங் மெஷின்மேல் இடம் கிடைத்தது. மெஷின் துணி பிழிய ஆரம்பித்ததும் என் மலையில் நிலநடுக்கம் வந்து, சுரங்கத்தின் வாய் இடிந்து விழுந்தது. வெறும் பலகையில் தண்டவாளம் மட்டும் வட்டமாகக் கிடந்தது. மனைவி, "அப்பாடா, பிழைச்சுது" என்றாள்.

நான் எதுவும் பிழைத்ததாக நினைக்கவில்லை.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. தோளில் பையோடு ஒரு கொத்தனார். அவள் இரண்டு தெரு தள்ளிப் போய்க் கூட்டிவந்திருக்கிறாள். நிதானமான மனிதர். அறைக்குள் வந்ததும் என்னைக் கும்பிட்டார், சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எப்போ வந்துதுங்க சார்?"

"நேத்து... இல்ல, ரொம்ப நாளா."

"ரொம்ப நாளாவா, நேத்தா?"

"ரொம்ப நாளா உள்ள இருந்து, நேத்து வெளிய."

"ஓகோ."

விரலை மடக்கிச் சுவரில் தட்டினார். கணீர் கணீர் என்று கேட்டது. ஈரம் ஏறிய சுவர் அப்படிக் கேட்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். குழாய் இல்லை, சாக்கடை இல்லை. அப்புறம் உப்பு பூத்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னண்ணே?" என்றாள் மனைவி.

"சுவர் உப்பு கசக்கும் அக்கா. இது கசக்கல. சார், நீங்களும் கொஞ்சம் பாருங்க."

நானும் என் சுவரை நக்கினேன். இந்த வயதில், சொந்த வீட்டில், மனைவிக்கு முன்னால்.

"எப்படி இருக்கு சார்?"

"லேசா... கசப்பு..."

"எனக்கென்னவோ அவிச்ச முட்டைக்குத் தொட்டுக்கலாம்போல இருக்கு. அயோடின் கலந்த ஓதம் இப்பத்தான் பாக்கறேன்."

"எங்கேர்ந்து வருதுண்ணே? மேலேர்ந்தா, கீழேர்ந்தா?"

"மேலயும் தண்ணி இல்ல, கீழயும் தண்ணி இல்ல. நடுவுலேர்ந்து வந்திருக்கு அக்கா." என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். "கிட்டத்தட்ட சார் கைக்கு எட்டற உயரத்துலேர்ந்து."

"அப்போ என்னதான் பண்றது?"

"அஞ்சடிக்கு அஞ்சடி பூச்சை மொத்தமாத் தட்டி எடுத்துட்டு, செங்கல் வரைக்கும் போய்ப் பார்க்கணும்."

"தட்டுங்கண்ணே" என்றாள் மனைவி, கொஞ்சம்கூடத் தயங்காமல்.

அவர் பையைத் திறந்தார். உளி வந்தது. சுத்தியல் வந்தது. உளியின் முனை சுவரைத் தொட்டது. எனக்கு ஏனோ அலுவலகத்துக்குப் போன மாதம் வந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் நீட்டிய போட்டோவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், இது ஓதம் இல்ல, காபி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல சுவர். என் மனைவி ஆசைப்பட்ட சுவர். அது என்ன பாவம் செய்தது?

கொத்தனார் சுத்தியலை ஓங்கினார்.

"தட்டாதீங்க! அது டீ!" என்று கத்திவிட்டேன்.

கொத்தனார் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"டீயா சார்?"

"டீயும்... கண்மையும், பவுடரும். உப்பு நம்ம சமையல்கட்டு உப்புதான்."

மனைவி முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். துளிக்கூட இல்லை.

"தெரியுங்க" என்றாள்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து. ஜன்னலைத் திறந்தேன். வெயில் சுவர்ல விழுந்துது. ஓதம் மினுமினுன்னுச்சு. எந்த ஊர் ஓதத்துலங்க ஜிகினா இருக்கு? என் ஜிகினா பவுடர் டப்பாவைத் திறந்தேன், காலி."

"அப்போ நேத்து..."

"நேத்து நம்பினேங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு சாயங்காலம் பூரா நம்பினேன். கடைக்காரருக்கு போன் போட்டு மெஷின் வேண்டாம்னும் சொல்லிட்டேன். நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் என்னை வெளுத்து வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. என் சாயம் வெளுத்தது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அவள் அந்த ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"தெரிஞ்சிருந்தும் எதுக்கு இந்தச் சுத்தியல் எல்லாம்?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"சுவரைத் தட்டவா கூப்பிட்டேன்? உங்க வாயிலேர்ந்து உண்மையைத் தட்டி எடுக்கத்தான்."

"சார் பரவாயில்ல அக்கா" என்றார் கொத்தனார், உளியைப் பையில் போட்டுக்கொண்டே. "ஓங்கினதுமே வந்துட்டாரு." பிறகு சுவரை ஒருதரம் ரசித்துப் பார்த்தார். "ஆனா வேலை சுத்தம் சார். முப்பது வருஷமா ஓதத்தை மறைக்கற வேலைதான் எனக்கு. வரவழைக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

அவர் போனபின் நான் பூசி மெழுகவில்லை. "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன். பிராயச்சித்தமாகப் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஆவேசமே வந்துவிட்டது.

"ஜன்னல் ஓரம் மட்டும் எதுக்கு? ரூம் முழுசையும் நீயே எடுத்துக்கோ!" என்றேன்.

'ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க, பாதி போதும்' என்று சொல்வாள் என்பது என் கணக்கு.

"சரி" என்றாள்.

இரண்டே எழுத்து. அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தது!

மெஷின் திங்கட்கிழமையே வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது. ஞாயிறு காலையிலேயே கடைக்கு மறுபடி போன் போட்டு, அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை துணி வெட்டுகிற மேஜை வந்தது. எட்டடி நீளம், நாலடி அகலம். அப்படியே என் ரயில் பலகையின் அளவு. என் பலகையைத் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, கட்டடங்களைத் திரும்ப அடுக்கவைத்து, அதன்மேல் கச்சிதமாக மேஜையை நிறுத்திவிட்டாள். அளவெடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"பாருங்க, உங்க ஊருக்கு ஒரு சேதமும் இல்ல" என்றாள்.

சேதமில்லைதான். வானம்தான் இல்லை. என் ஊருக்கு இப்போது வானம் ப்ளைவுட். மலையின் உச்சி இடித்ததால் அதைப் பாதி அறுத்துக் குன்றாக்கிவிட்டேன். ரயில் விடவேண்டும் என்றால் குப்புறப் படுத்து ஊர்ந்து உள்ளே போகிறேன். மேலே அவள் துணி வெட்ட ஆரம்பித்தால் ஊரில் நூல் மழை. போன வாரம் ஒரு சட்டைப் பொத்தான் உருண்டு வந்து ஸ்டேஷன் கூரையைப் பெயர்த்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். படுத்தபடி தலையைத் திருப்பினால் ஜன்னலோரத்தில் அவள் கால் தெரியும். மெஷின் ஓடுவதே கேட்பதில்லை, அவள் பாட்டு மட்டும்தான் கேட்கும். பதினொரு வருஷம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று தோன்றும். அப்படியே ரயிலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாடிக்கையாளர்கள் வருவதுதான் சங்கடம். அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருவர் கண்ணும் நேரே அந்தச் சுவருக்குத்தான் போகிறது. "ஐயையோ, இவ்வளவு ஓதமா? துணி கெட்டுப்போகாதா?" என்கிறார்கள். உடனே என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஆதியோடு அந்தமாக ஆரம்பிக்கிறாள். டீயில் ஆரம்பித்து, ஜிகினா வழியாக, நான் சுவரை நக்கிய கட்டத்துக்கு வரும்போது வந்தவர்கள் சிரித்துச் சிரித்து மேஜையில் கையால் அடிக்கிறார்கள். கீழே என் ஊரே குலுங்குகிறது. கதாநாயகன் அதே மேஜைக்கு அடியில், ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மைக்குப் பக்கத்தில், மூச்சுவிடாமல் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கிளம்பும்வரை நான் வெளியே வர முடியாது. இதுவரை நாலு தடவை கால் மரத்துப்போய்விட்டது.

நேற்று பொறுக்க முடியாமல் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டும் புது பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றேன்.

"இந்தச் சுவருக்கு இப்பவே வெள்ளையடிச்சுடறேம்மா. அரை மணி நேர வேலை."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அடிக்கலாங்க, என்ன அவசரம்? முதல்ல ஓதம் காயட்டும்."